ஹால் தியேட்டர் அதிபர்

ஹால் தியேட்டர் அதிபர் என்பவர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் நடுத்தர வயது ஆண். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய குடியிருப்புகளில் அடர்த்தியாகவும், கோவை, மதுரை பக்கம் ஆங்காங்கேயும் காணப்படுகிறார். சொந்த வீடு, முடியாத இஎம்ஐ, பழுதில்லாத 43 அங்குல டிவி மூன்றும் இருந்தும், ஹாலில் ப்ரொஜெக்டர் மாட்டித் தியேட்டர் ஆக்காதவரை மனம் நிறையாதவர். பெண்களில் இவ்வகை அரிது. "அதான் டிவி இருக்கே" என்பதோடு அவர்கள் பேச்சை முடித்துக்கொள்கிறார்கள்.

உடையையோ நடையையோ வைத்து இவரை அடையாளம் காண முடியாது. பிறர் வீட்டுக்குள் நுழையும்போது கவனித்தால் தெரிந்துவிடும். மற்ற விருந்தாளிகள் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டாரைப் பார்த்துச் சிரிப்பார்கள். இவர் செருப்பைக் கழற்றும்போதே அண்ணாந்துவிடுவார். கிரகப்பிரவேச வீட்டில் ஹோமப் புகையைப் பார்த்துப் பரவசமாக நிற்பதாகத் தோன்றும். உண்மையில் பீம் எந்தப் பக்கம் ஓடுகிறது, ஃபேன் எங்கே தொங்குகிறது, எதிர்ச் சுவரில் ஏழேகால் அடி தேறுமா என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஏழேகால் அடிக்குக் காரணம் உண்டு. திரையை மூலைக்கு மூலை அளந்து சொல்வது வழக்கம். 100 அங்குலத் திரை என்றால் அகலம் 7 அடி 3 அங்குலம், உயரம் 4 அடி 1 அங்குலம். ப்ரொஜெக்டர் கருவிக்கும் திரைக்கும் இடையிலுள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது த்ரோ ரேஷியோ. அது 1.2 என்றால் கருவியை எட்டேமுக்கால் அடி தள்ளி மாட்ட வேண்டும். இந்த ஒரு வகுத்தல் கணக்கு தெரிந்த நாளிலிருந்து அதிபரின் பேச்சே மாறிவிடுகிறது. மகனின் பத்தாம் வகுப்புக் கணக்கு நோட்டை எட்டிப் பார்க்காதவர், ராத்திரி சாப்பாட்டில் இட்லித் தட்டை ப்ரொஜெக்டராகவும் சட்னிக் கிண்ணத்தைத் திரையாகவும் வைத்துப் பாடம் நடத்துவார்.

100 என்று முடிவானதும் 120க்குத் தாவுவது இவ்வினத்தின் பொதுக்குணம். 120க்குப் போனால் படத்தின் பரப்பு 44 சதவீதம் கூடும். ஒளி கூடாது, ஆகவே படம் சுமார் 30 சதவீதம் மங்கும். அதிபருக்கு இது நன்றாகவே தெரியும், தெரிந்தும் 120தான் வேண்டும். பூஜை அலமாரியைக் கொஞ்சம் நகர்த்தலாமா என்று கேட்டுப் பார்த்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து, மறுபடி 100க்கு இறங்கி வருவார்.

வாங்கும் கட்டத்தில் இவரை யாரும் ஏமாற்ற முடியாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் லூமென் அச்சடித்த மலிவுக் கருவிகள் பல, முறையான ஆன்சி அளவில் சில நூறைத் தாண்டுவதில்லை. "4கே சப்போர்ட்" என்பதற்கு 4கே வீடியோவை வாங்கிக்கொள்ளும் என்பதுதான் பொருள். காட்டுவது 1280க்கு 720 ஆகவும் இருக்கலாம். இதையெல்லாம் அதிபர் சொந்தக்காரர், காய்கறிக்காரர் வரை எல்லாரிடமும் சொல்லி முடித்திருப்பார். எலக்ட்ரீஷியன் ஏணியின் நாலாம் படியில் நிற்கும்போது, டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் லாரி ஹார்ன்பெக் 1987இல், பல ப்ரொஜெக்டர்களுக்குள் இருக்கும் நுண்கண்ணாடிச் சில்லை உருவாக்கிய கதையைக் கீழேயிருந்து ஆரம்பிப்பார். "அப்படியா சார், அந்த ஸ்க்ரூவை எடுங்க" என்பார் எலக்ட்ரீஷியன்.

இத்தனை அளந்தவர் அளக்காமல் விட்டது ஃபேனை. தமிழ்நாட்டு ஹாலின் நட்டநடுவில், கூரைக்கு ஓர் அடிக்குக் குறையாமல் கீழே, நாலடி விட்டத்துக்கு அது சுற்றுகிறது. தலைகீழாக மாட்டிய பெரும்பாலான வீட்டு ப்ரொஜெக்டர்களில் படத்தின் மேல்விளிம்பு ஏறக்குறைய லென்ஸ் மட்டத்திலேயே விழும். ஆகவே கருவியைக் கூரையோடு ஒட்டி மாட்டினால் இறக்கைகள் ஒளியை வெட்டி, கதாநாயகனின் நெற்றியில் இடைவிடாமல் நிழல் ஓட்டும். ஒன்று ஃபேனை நிறுத்த வேண்டும், இல்லை கருவியை நீளக் கம்பியில் இறக்க வேண்டும். சென்னையில் முதலாவதற்கு வழியில்லை. கம்பியை நீட்டினால் ஆட்டம் வரும். கருவி ஒரு டிகிரி திரும்பினாலே எட்டேமுக்கால் அடிக்கு அப்பால் படம் கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் விலகிவிடும். மேல்வீட்டுக் குழந்தை குதித்தால் இங்கே கோர்ட் சீனில் நீதிபதி நடுங்குவார்.

கான்கிரீட்டில் துளை போடும் நாள் அதிபரின் வாழ்வில் முக்கியமானது. முதலில் அம்மாவைச் சமாளிக்க வேண்டும். "ஊஞ்சல் மாட்டலாம்டான்னு கேட்டப்ப, மேல துளை போட்டா ஸ்லாப் தாங்காதுன்னியே?" என்ற கேள்விக்கு இதுவரை எந்த அதிபரும் நேராகப் பதில் சொன்னதில்லை. ஊஞ்சல் ஆடும் பாரம், ப்ரொஜெக்டர் ஆடாத பாரம் என்று சொல்லிப் பார்ப்பார்கள். கணக்குப்படி அது சரியான வாதம்தான். ஆனால் அம்மா கேட்டது கணக்கு இல்லை.

துளை போடுவதில் முதல் தவறு மெஷினைத் தேர்ந்தெடுப்பதில் நேர்கிறது. அலமாரி மாட்ட வாங்கிய சாதா டிரில்லிங் மெஷின் செங்கல் சுவரில் வெண்ணெயாக இறங்கும், கான்கிரீட்டில் கத்திக்கொண்டே வழவழப்பாக்கும். சுற்றிக்கொண்டே குத்தும் ரோட்டரி ஹாமர் வேண்டும். அதை வாடகைக்கு எடுத்து வந்தபின் அடுத்த தடை கம்பி. ஸ்லாபின் அடிப்பக்கம் சுமார் 20 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடலுக்கு மேலே இரும்புக் கம்பிகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. பிட் அதில் மோதியதும் சத்தம் மாறும், மேற்கொண்டு இறங்காது. "சார், கம்பி மாட்டுது" என்பார் எலக்ட்ரீஷியன். விவரமானவர்கள் துளையை ஓர் அங்குலம் தள்ளிப் போடுவார்கள். அதிபரோ த்ரோ ரேஷியோவை மறுபடி கணக்குப் பார்க்க ஐந்து நிமிடம் கேட்பார். கம்பியைத் தவிர, ஃபேனுக்குப் போகும் ஒயர்க் குழாயும் அதே ஸ்லாபுக்குள் புதைந்திருக்கிறது. மெயினை அணைக்காமல் மேலே கை வைப்பது ஆபத்து. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எலக்ட்ரீஷியன் குரலை உயர்த்துகிறார், அதிபரும் கேட்டுக்கொள்கிறார்.

அண்ணாந்து துளை போட்டால் தூசி கண்ணில்தான் விழும். பேப்பர் கப்பின் அடியில் ஓட்டை போட்டு பிட்டில் செருகி அதைப் பிடிப்பது நல்ல உபாயம். அதிபர் கூடுதல் பாதுகாப்பாக பைக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கண்ணாடியை இறக்கி, லுங்கியோடு கீழே நின்று மேற்பார்வை செய்வார். அப்போதுதான் அழைப்புமணி அடிக்கும். அதிபரின் கூரைதான் மேல்வீட்டுக்காரருக்குத் தரை. பகல் தூக்கத்திலிருந்து எழுந்து வந்த அவர், ஹெல்மெட்டைப் பார்த்ததும் சொல்ல வந்ததை ஒரு கணம் மறந்துவிடுகிறார். பிறகு, "சார், எங்க வீட்டு டைல்ஸ் பேந்துடாதே?" என்று கேட்கிறார். இரண்டு அங்குல ஆழம்தான், ஸ்லாப் ஐந்து அங்குலம் என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து விளக்கம் வருகிறது. மாலைக்குள் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், துளை போடும் நேரம் பற்றிய பழைய சுற்றறிக்கை பெயர் குறிப்பிடாமல் மறுபடி பதிவாகிறது.

துளைக்குள் போவது பிளக். 1958இல் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் உருவாக்கிய நைலான் பிளக்கின் வழிவந்தவைதான் இன்று ஹார்டுவேர் கடைகளில் பாக்கெட்டாகக் கிடைப்பவை. ஸ்க்ரூ இறங்க இறங்க பிளக் விரிந்து துளையின் சுவரை இறுக்கிப் பிடிக்கும். துளை பெரிதாகிவிட்டாலும், தூசியை ஊதி வெளியேற்றாவிட்டாலும் பிடிக்காது, சுற்றிக்கொண்டே இருக்கும். மூன்று நாலு கிலோக் கருவிக்குச் சரியாக இறங்கிய நாலு பிளக் தாராளம். அதிபர் அதை நம்பமாட்டார். இரும்பு ஆங்கர் போல்ட்தான் வேண்டும் என்று அடம் பிடித்து, கோயில் மணியையே தொங்கவிடும் உறுதியோடு அதை மாட்டுவார். பிறகு ரசமட்டம் வைத்துப் பார்ப்பார். ரசமட்டம் நேர் என்று சொல்லும். கொத்தனார் கட்டிய சுவர் நேராக இல்லாததால் படம் கோணலாக விழும். கீஸ்டோன் பொத்தானை அழுத்தினால் ஒரு நொடியில் நிமிரும். அது படத்தைச் சுருக்கி நிமிர்த்துவதால் சில புள்ளிகள் வீணாகும் என்று அதிபர் அதைத் தொடமாட்டார். ஒரு வாஷர் செருகினால் இடப்பக்கம் நிமிரும், வலப்பக்கம் சாயும். இது நள்ளிரவு வரை நடக்கும்.

கேபிளுக்கும் ஒரு கதை உண்டு. 4கே படத்தைச் சாதாரணச் செம்பு எச்டிஎம்ஐ கேபிளில் நெடுந்தூரம் அனுப்பினால் படம் விட்டுவிட்டு வரும், ஆகவே அதிபர் ஒளியிழைக் கேபிள் வாங்குகிறார். அது ஒருவழிப் பாதை. ஒரு முனை படத்தை அனுப்பும் பெட்டிக்கு, மறுமுனை ப்ரொஜெக்டருக்கு என்று முனையிலேயே எழுதியிருக்கும். அதைப் படிப்பது, கேபிளைச் சுவரோரம் ஓட்டி, பிவிசி கேசிங்கை மூடி, பெயின்டும் அடித்து முடித்தபிறகு.

முதல் காட்சிக்குக் குடும்பம் பஜ்ஜியோடு கூடுகிறது. தலைகீழாக மாட்டிய கருவியில் படமும் தலைகீழாகத்தான் வரும். மெனுவில் சீலிங் என்று மாற்ற வேண்டும், அந்த மெனுவையும் தலைகீழாகத்தான் படிக்க வேண்டும். அதைக் கடந்தால் திரையில் சினிமா வருவதில்லை. கறுப்பு எவ்வளவு கறுப்பு என்று காட்டும் சோதனை வீடியோ கால் மணி நேரம் ஓடுகிறது. "என்னங்க, ரஜினி எப்ப வருவார்?" என்று மனைவி கேட்கிறார். அம்மாவுக்கு சீரியல் வருமா என்பது மட்டும் தெரிந்தால் போதும். வெளிச்சத்துக்குப் பூச்சி வருகிறது, பூச்சிக்குப் பின்னால் பல்லி வருகிறது. நாயகியின் கன்னத்தில் அது நிலைகொண்டதும் பாட்டி பல்லி விழும் பலனைச் சொல்லத் தொடங்க, வீடு முழுக்க அதைக் கேட்கிறது. அதிபர் மட்டும் ஃபோகஸை இன்னும் கொஞ்சம் திருகுகிறார், பல்லியின் விரல்கள் துல்லியமாகத் தெரியும் வரை.

பிற்காலம் சுருக்கமானது. பகலில் ஜன்னல் வெளிச்சம் படத்தை விழுங்குவதால் மேட்னி கிடையாது. கருப்புத் திரைச்சீலை வந்தபின் ஹால் பகலிலும் இருட்டு. கருவிக்குள்ளிருக்கும் ஸ்பீக்கர் தகரச் சத்தம் போடுவதால் சவுண்ட்பார் வருகிறது, அதற்கு இன்னொரு துளை. சீரியலும் செய்தியும் பழைய 43 அங்குல டிவியிலேயே தொடர்கின்றன. அது படுக்கையறைக்குப் போயிருக்கிறது, குடும்பமும் கூடவே போய்விட்டது. ஹாலில் ஐபிஎல் இறுதிப்போட்டிக்கு மட்டும் கூட்டம் சேரும். மற்ற நாள்களில் அதிபர் எந்தப் படத்தையும் பத்து நிமிடம் ஓட்டி, நிறத்தைச் சரிபார்த்து, அணைத்துவிடுவார். மேல்வீட்டுக்காரர் ஒருநாள் டைல்ஸ் பற்றிப் பேச வந்து, உட்கார்ந்து, அரைப் படம் பார்த்துவிட்டு, விலை விசாரித்துக்கொண்டு போகிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் இஞ்ச் டேப்போடு மேலே போகிறார்கள். பின்னாலேயே ஹெல்மெட்டும் போகிறது.