ஊருக்குள்ளே போய் வரலாம்

சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு எத்தனை மணி நேரத்தில் வந்து சேர்ந்தோம் என்பதுதான் இப்போதெல்லாம் கல்யாண வீடுகளில் பந்திக்குக் காத்திருப்பவர்களின் பேச்சு. ஒருவர் பத்து மணி நேரம் என்பார். அடுத்தவர் ஒன்பதரை என்பார். மூன்றாமவர் கொஞ்சம் பொறுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "நம்ம பையன் ஒன்பதுல கொண்டாந்து விட்டுட்டான், நடுவுல ஒரு காப்பியோட" என்பார். இந்தத் தலைகீழ் ஏலம் எட்டே முக்காலுக்கு இறங்குவதற்குள் இலை போட்டுவிடுவார்கள்.

அப்படி ஒரு சபையில்தான் என் கணவர், "நாங்க கன்னியாகுமரி வரைக்கும் போகப்போறோம். பழைய ரோட்டுலயே, நிதானமா. ஒரு வாரமோ பத்து நாளோ ஆகட்டும்" என்று அறிவித்தார். எல்லாரும் அவரை விட்டுவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது நான்.

அவர் நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலமெல்லாம் இலாகா ஜீப்பில் இடப்பக்கம் உட்கார்ந்து ரோட்டைக் குறை சொல்லியே பழகியதால், வலப்பக்கம் உட்கார வேண்டிய அவசியம் அவருக்கு நேர்ந்ததில்லை. நான் ஒரு பள்ளத்தில் வண்டியை இறக்கினால் மற்ற கணவர்கள் "பார்த்து ஓட்டு" என்பார்கள். இவர், "உன் மேல தப்பில்ல, அடியில ஜல்லி சரியா இறுகல" என்பார். அந்த ஒரு காரணத்துக்காகவே இவரோடு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம்.

பயண ஏற்பாட்டின் முதல் கட்டம், பழைய ரோடு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. சாப்பாட்டு மேசையில் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுப் பென்சிலால் கோடு இழுத்தார். நாலுவழிச் சாலை போட்டபோது வெட்டவெளியில் பழைய ரோட்டையே அகலப்படுத்தினார்களாம். ஊர் குறுக்கிட்ட இடத்தில் வீடு, கடை, கோயிலை எல்லாம் இடிக்க முடியாமல் சுற்றிக்கொண்டு போனார்களாம். ஆக, ஊருக்கு வெளியே பழைய ரோடு புது ரோட்டுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. ஊருக்குள்ளேதான் தப்பிப் பிழைத்திருக்கிறது.

"அப்ப நாம போகப்போற பழைய ரோடுன்னு எதுதான் மிச்சம் இருக்கு?"

"திண்டிவனத்துக்குள்ள கொஞ்சம், விழுப்புரத்துக்குள்ள கொஞ்சம், உளுந்தூர்பேட்டைக்குள்ள கொஞ்சம்."

எனக்கு விளங்கிவிட்டது. மேம்பாலம் ஏறுவதற்கு முன்னால் இடப்பக்கம் சர்வீஸ் ரோட்டில் இறங்கி, பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, காய்கறிச் சந்தையில் மாட்டி, மினி லாரிக்காரனிடம் திட்டு வாங்கி, அந்தப் பக்கமாக மறுபடி ஏற வேண்டும். அடுத்த ஊரிலும் இதையே செய்ய வேண்டும். 'பைபாஸ் ரைடர்' என்று போர்டு மாட்டிய பஸ்கள் எதையெல்லாம் தவிர்ப்பதாகச் சொல்லி ஆள் ஏற்றுகின்றனவோ, அதையெல்லாம் நாங்கள் பெட்ரோல் போட்டுத் தேடிப் போகப்போகிறோம்.

அடுத்தது எண் பிரச்சினை. 2010-இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புது எண் கொடுத்தார்கள். சென்னையிலிருந்து திருச்சி, திண்டுக்கல் வழியாகத் தேனி வரை ஒரே எண்ணோடு போய்க்கொண்டிருந்த 45, திண்டிவனம் வரை 32, விழுப்புரம் வரை 132, அப்புறம் திருச்சி வரை 38 என்றெல்லாம் பாகம் பிரிந்துவிட்டது. வாரணாசியிலிருந்து புறப்பட்டுக் கன்னியாகுமரிக்கு வந்துகொண்டிருந்த 7, நம் பக்கத்தில் ஸ்ரீநகரிலிருந்து வரும் 44 ஆகிவிட்டது. இவர் இந்தப் பாகப்பிரிவினையை இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை. "திருச்சியிலேருந்து துவரங்குறிச்சி, மேலூர் வழியா மதுரைக்குப் போயிடலாமே" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "அது 45-பி. அசல் 45 மணப்பாறை வழியா திண்டுக்கல் போகுது. அங்க 7-ஐப் பிடிச்சு மதுரைக்கு இறங்கணும். அதுதான் முறை."

முறையாவது ஒன்றாவது, விஷயம் மணப்பாறை முறுக்கு. அவருக்குச் சர்க்கரை, கொழுப்பு இரண்டும் உண்டு. இந்தப் பாதை முழுக்க, டாக்டர் எழுதிக் கொடுத்த 'கூடாது' பட்டியலை அப்படியே ஊர் வாரியாகப் பரப்பி வைத்ததுபோல் இருக்கிறது. மணப்பாறையில் முறுக்கு, விருதுநகரில் எண்ணெய் பரோட்டா, சாத்தூரில் காராச்சேவு, கோவில்பட்டியில் கடலைமிட்டாய், கடைசியில் திருநெல்வேலியில் அல்வா. "கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல புவிசார் குறியீடு கொடுத்திருக்காங்க. மணப்பாறை முறுக்குக்கு 2023-ல. அரசாங்கமே அங்கீகாரம் பண்ணினதை டாக்டர் எப்படித் தடுக்க முடியும்?" என்று கேட்டார். "நடுவுல திண்டுக்கல் வருதுல்ல? அந்த ஊர் பூட்டுக்கும் 2019-ல குறியீடு கொடுத்திருக்காங்க. ஒண்ணு வாங்கி உங்க வாயில போட்டுடறேன்" என்றேன். அன்றைக்கு ஏற்பாட்டுக் கூட்டம் அத்தோடு கலைந்தது.

சுங்கச் சாவடியிலும் ஒரு விசித்திரம். பழைய ரோட்டில் போவதால் காசு மிச்சம் என்று நான் அப்பாவியாக நினைத்திருந்தேன். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை என்று சாவடிகள் எல்லாம், பழைய ரோடு புதைந்த வெட்டவெளியாகப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே இவர் ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் வாங்கிவிட்டார். 2025 ஆகஸ்ட் 15 முதல் கிடைக்கும் பாஸ் இது. அறிமுகமானபோது விலை 3,000 ரூபாய். கட்டினால் ஒரு வருஷம் அல்லது 200 தடவை, எது முந்துகிறதோ அதுவரைக்கும் சாவடி தாண்டலாம். கணக்குப் பார்த்தால் நாங்கள் போய் வந்த பிறகும் முக்கால்வாசித் தடவைகள் மிஞ்சும். "வீணாக விடக் கூடாதே" என்று இப்போதே கவலைப்பட ஆரம்பித்திருக்கிறார். நிதானமான பயணம் என்று ஆரம்பித்தது, பாஸ் தீரும்வரை பரனூருக்கும் ஆத்தூருக்கும் ஷட்டில் அடிப்பதில் முடியுமோ என்பது என் கவலை.

ஆனால் புளியமரம் பற்றிப் பேச ஆரம்பித்தால் மட்டும் நான் குறுக்கே பேசுவதில்லை. பழைய ரோட்டின் இரண்டு பக்கமும் புளியமரம் நின்ற காலத்தில், ஒவ்வொரு மரத்தின் இடுப்பிலும் சுண்ணாம்புப் பட்டை, காவிப் பட்டை, மறுபடி சுண்ணாம்பு என்று அடித்து, அதன் மேல் எண் எழுதி வைத்திருப்பார்கள். பட்டை, ராத்திரி ஓட்டுகிறவனுக்கு ரோட்டின் ஓரம் தெரிவதற்காக. எண், கணக்குக்காக. வருஷா வருஷம் புளி மகசூலை ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர்கள் மரத்தடியில் சாக்கை விரித்து உலுக்குவார்கள். அந்த மரங்களில் பெரும்பாலானவை அகலப்படுத்தியபோது போய்விட்டன. "மங்கம்மா காலத்துலேருந்து நம்ம ஊர்ல ரோடுன்னா மரமும் சத்திரமும் சேர்ந்ததுதான்" என்பார் இவர். ராணி மங்கம்மாள் 300 வருஷத்துக்கு முன்னால் சாலை போட்டு மரம் நட்டதையும், மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவள் பேரில் சத்திரம் இருப்பதையும், ஏதோ அவளிடமே உதவிப் பொறியாளராக இருந்தவர் மாதிரி சொல்வார். எண் எழுதிய மரம் ஒன்றாவது கண்ணில் பட்டால் அதன் நிழலில் நிறுத்தி, கட்டுச்சோறு பிரிக்க வேண்டும் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. அதற்காகப் புளியோதரை நான் செய்கிறேன். இதில் கருத்து வேற்றுமை இல்லை.

மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோயிலுக்குப் போக வேண்டும் என்பது என் நிபந்தனை. கொட்டுகிற மழையில் கலெக்டர் லியோனல் பிளேஸ் கரையைப் பார்க்கப் போனபோது, ராமரும் லட்சுமணரும் வில்லோடு காவல் நின்றார்கள் என்பது கோயில் கதை. "கலங்கல் சரியா வேலை செஞ்சிருக்கும்" என்பது இலாகாவின் கருத்து. சந்நிதியில் வாயைத் திறக்கக் கூடாது என்று முன்கூட்டியே எழுதி வாங்கியிருக்கிறேன்.

இவ்வளவும் சமாளிக்கக் கூடியவை. சமாளிக்க முடியாதது உறவு.

பைபாஸ் போட்டதால் நேரம் மிச்சம், டீசல் மிச்சம் என்றெல்லாம் பேசுகிறார்கள். அதன் உண்மையான பயனை யாரும் வெளியே சொல்வதில்லை. ஒரு ஊரைத் தாண்டியும், அந்த ஊர்ச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகாமல் இருக்கலாம். "பைபாஸ்லயே போயிட்டோம் அத்தை, ஊருக்குள்ள வரவே இல்ல" என்று சொன்னால் எந்தச் சபையிலும் செல்லும். இந்த ஒரே சமாதானத்தில்தான் எங்கள் குடும்பங்கள் பல வருஷமாகச் சண்டையில்லாமல் இருக்கின்றன. பழைய ரோட்டில் போகிறவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அவரவர் வாசல் வழியாகவே போகிறோம்.

விழுப்புரத்தில் இவருடைய அத்தை மகன். திருச்சியில் என் அக்கா. மதுரையில் நாத்தனார். அக்கா வீட்டில் ராத்தங்கினால் நாத்தனார் வீட்டிலும் ராத்தங்க வேண்டும், அக்கா வீட்டில் இரண்டு வேளை சாப்பிட்டால் அங்கேயும் இரண்டு வேளை. விருதுநகரில் சம்பந்தி வீடு. அங்கே சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வர முடியாது. பழத்தட்டு, பூ, ஸ்வீட், சம்பந்தியம்மாவுக்குப் புடவை என்று முறையாகப் போக வேண்டும். புடவையை எடுத்துக்கொண்டு நாத்தனார் வீட்டில் தங்கினால் அவள் பெட்டியைப் பார்ப்பாள். பார்த்தால் அவளுக்கும் ஒன்று. அவளுக்கு எடுத்தது அக்காவுக்குத் தெரியாமல் இருக்குமா? புடவைக் கடைக்குப் போய் வந்த பிறகு, பெட்ரோல் செலவு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

வண்டியை சர்வீஸுக்கு விட்டேன். மெக்கானிக் பையன் பிரேக், டயர், ஏசி எல்லாம் பார்த்துவிட்டு, "எங்க மேடம் போறீங்க?" என்றான். சொன்னேன். "ஒரே நாள்ல போயிடலாமே மேடம்" என்றான். "போகலாம்ப்பா, நாங்க பத்து நாள்ல போறோம்" என்றேன். அவன் மறுபடி பானெட்டைத் திறந்தான். "வண்டியில வேற ஏதாச்சும் பிரச்சினை இருக்கா மேடம்? சொல்லிடுங்க."

டிக்கியில் ஸ்டெப்னியும் ஜாக்கியும் இருக்கும் பள்ளத்துக்கு மேல், பாய், தண்ணீர்க் கேன், பிளாஸ்க், எவர்சில்வர் தூக்கு, இலைக்கட்டு, தைலம், மாத்திரை டப்பா, குடை, புடவைப் பை, சம்பந்தி வீட்டுக்கான தாம்பாளம் என்று அடுக்கிப் பார்த்தேன். டயர் பஞ்சரானால், இத்தனையையும் ரோட்டோரம் இறக்கிக் கடை பரப்பிவிட்டுத்தான் ஸ்டெப்னியை எடுக்க வேண்டும். "பரவாயில்ல, நமக்குத்தான் அவசரமில்லையே" என்றார்.

நேற்று ராத்திரி, நிதானப் பயணத்துக்கான கால அட்டவணையை என்னிடம் கொடுத்தார். கோடு போட்டு, நேரம் குறித்து, கீழே கையெழுத்தும் போட்டிருந்தார். முதல் வரியில், 'மயிலாப்பூர், புறப்பாடு, அதிகாலை 4.00' என்று இருந்தது.

"நிதானமாப் போறதுக்கு எதுக்குங்க நாலு மணி?"

"அப்பத்தான் டிராஃபிக் வர்றதுக்குள்ள தாம்பரத்தைத் தாண்டலாம்."

"தாண்டறதா? ஊருக்குள்ள போறதுதானே நம்ம கொள்கை? தாம்பரத்துல எங்க சித்தி இருக்காங்க."

அவர் ஒன்றும் பேசவில்லை. பேனாவை வாங்கி, 4.00-ஐ அடித்துவிட்டு 9.30 என்று எழுதினார். பக்கத்தில் 'மதியச் சாப்பாடு, இரவுத் தங்கல்: தாம்பரம்' என்று சேர்த்து, திருத்தத்துக்குக் கீழே முறைப்படி இன்னொரு கையெழுத்துப் போட்டார்.