பழையனூர் எழுபதின்மர் சார்பில் ஒரு மனு

மாண்பமை நீதித்துறை சமூகத்துக்கு, திருவாலங்காட்டு வழக்கறிஞன் பணிந்து எழுதிக்கொள்வது.

எங்கள் பக்கத்து ஊர் பழையனூர். கதைப்படி, ஒரு வணிகனைத் தன் கணவன் என்று சொல்லி வந்த நீலியின் வழக்கை அங்கே விசாரித்த எழுபது வேளாளருக்கும் கண்ணில் பழுதில்லை. கள்ளிக் கொம்பு குழந்தையாகி வணிகனை ‘அப்பா’ என்று கூப்பிட்டதைக் கண்ணாரக் கண்டார்கள். ‘இவள் பேய், கொன்றுவிடுவாள்’ என்று அவன் அலறியதுதான் காதில் ஏறவில்லை. விடிந்தபோது அவன் பிணம். அவன் உயிருக்குத் தாங்கள் பொறுப்பு என்று கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீக்குளித்தார்கள். ஆனாலும் தமிழ்நாட்டு நீதிபதி தேர்வுக்கான 2014 அறிவிப்பின்படி பார்த்தால், அத்தனை பேரும் உரிமையியல் நீதிபதி ஆகலாம். சட்டப் படிப்பு ஒன்றுதான் குறை.

அந்த அறிவிப்பை மெச்சாமல் இருக்க முடியவில்லை. பார்வைக் குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் கீழ் என்றால் ஒதுக்கீடு கிடையாது. 50-ஐத் தாண்டினால் நாற்காலியே கிடையாது. நடுவே ஒரு முட்டுச்சந்து. அரசுத் தரப்பில் வாதாடிக்கொண்டிருந்த வி. சுரேந்திர மோகனுக்கு 70. குற்றத்தை நிரூபிக்க அந்தக் கண் போதும், தீர்ப்பெழுதத்தான் போதாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அந்த வரம்பைச் சரி என்றது. 2009-லேயே இதே தமிழ்நாட்டில் பார்வையற்ற டி. சக்கரவர்த்தி நீதிபதியாகிவிட்டாரே என்றால், பழங்கதை பேசுகிறேன் என்பீர்கள்.

2025 மார்ச் 3 அன்று உச்ச நீதிமன்றத்தின் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, பார்வையின்மையைக் காட்டி நீதிப்பணியை மறுக்கக் கூடாது என்று சொல்லி, மத்தியப் பிரதேச விதியொன்றை ரத்து செய்தது. மெத்த மகிழ்ச்சி. வேலை கிடைக்கும், மாடி ஏறுவது எப்படி?

பொதுக் கட்டடங்களைச் சீர்செய்ய 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தந்த ஐந்தாண்டு, விதிகள் வந்த நாளிலிருந்து எண்ணினாலும், 2022-லேயே முடிந்தது. நான் போகும் கோர்ட்டில் சாய்தளம் உண்டு. அதன்மேல் டைப்பிஸ்ட் மேசை போட்டிருக்கிறார். பாவம், அவருக்கும் வேறிடமில்லை. சக்கர நாற்காலியில் வரும் என் ஜூனியர் கேஸ் கட்டை மடியில் வைத்துக்கொண்டு கீழே காத்திருப்பார். மேலே பெயர் கூப்பிட்டு, ஆளில்லை என்று வாய்தா போட்டிருப்பார்கள். காரைக்கால் அம்மையார் எங்கள் ஊருக்குத் தலையால் நடந்து வந்தவர். அவரை மனதில் வைத்துப் படி கட்டியிருந்தால் சொல்ல ஒன்றுமில்லை.

இ-ஃபைலிங் வந்ததும் பார்வையற்ற வக்கீல்கள் விடிந்தது என்றார்கள். எதிர்த்தரப்பு அனுப்புவதோ சீல் குத்தி, ஸ்கேன் செய்து, தலைகீழாய் ஏற்றிய பிடிஎஃப். திரையை வாசிக்கும் மென்பொருள் பக்கத்துக்குப் பக்கம், அலுக்காமல், ‘காலிப் பக்கம்’ என்கிறது. எதிர்த்தரப்பு வாதத்தில் சாரமில்லை என்று அதுவே தீர்ப்புச் சொல்கிறதோ என்னவோ.

ஆகவே, சாய்தளத்தை மேசையிடமிருந்தும், மனுக்களை ஸ்கேனரிடமிருந்தும் மீட்டுத் தருமாறு வேண்டுகிறேன்.

பி.கு.: இம்மனுவில் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டவில்லை. விற்கும் இடம் முதல் மாடி.