மலை காணும் வைபவம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் மொட்டைமாடிக்குப் போனாலே மேற்குத் தொடர்ச்சி மலை தரிசனம் தரும்போது, அதன்மேல் மேகம் உண்டா இல்லையா என்பதை விண்ணில் சுற்றும் செயற்கைக்கோளிடம் செல்பேசி வழியே விசாரித்து அறிகிற நம் அன்பர்களின் விஞ்ஞான சிரத்தை போற்றத்தக்கது. சித்திரை வெயிலும் திடீர் மழையும் மாறிமாறி வரும் பருவத்தில், செண்பகத்தோப்புக்குப் போவதா, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள இராஜபாளையத்தையும் கடந்து அய்யனார் கோயில் ஆற்றுக்குப் போவதா என்ற மகா பிரச்சினைக்கு வாட்ஸப் குழு அமைத்து ஆலோசிப்பதே விவேகம். மழைக்கு நாற்பது சதவீத சாத்தியம் என்றால், ஐவர் கொண்ட குடும்பம் இரண்டு குடைகள் எடுத்துக்கொள்வது கணித சாஸ்திரத்துக்கு முற்றிலும் உகந்தது.

வனத்துறையின் தர்க்கமும் இதற்குச் சளைத்ததன்று. காடு காய்ந்தால் தீ அபாயம், ஆகையால் மலைப்பாதைக்குத் தடை. மழை பெய்தால் வெள்ள அபாயம், ஆகையால் ஆற்றுக்குத் தடை. ஆற்றில் நீரே இல்லாத நாட்களில் மட்டும் குளிப்பதற்கு யாதொரு ஆட்சேபமும் இல்லை. 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கென்று சரணாலயமாகி, 2021-இல் புலிகளுக்கும் உரித்தான இக்கானகத்தில், முன்னறிவிப்பு பாராமல் உலாவும் சலுகை அந்த ஜீவன்களுக்கே உரியது.

இத்தனை ஆலோசனைக்கும் பின்னர் குழுவினர் இரண்டு கார்களில் புறப்பட்டு, பால்கோவாக் கடைவரை பிரயாணம் செய்து, மலை பின்னணியில் விளங்கப் படம் பிடித்துக்கொண்டு க்ஷேமமாக வீடு திரும்பினார்கள். அந்தப் படத்தின் எழிலில் மயங்கி, அதே மலையின் அடிவாரத்திலேயே வசிக்கும் இராஜபாளையத்து உறவினர்கள், வரும் ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மலை பார்க்க வருகிறார்கள்.