டாலரை அடிக்காதீர்கள், சித்தப்பா

வீட்டிலேயே சர்வர் வைத்துக்கொள்வது எப்படி என்று ஒரு வழிகாட்டி எழுதினேன். ஒன்றரைப் பக்கம். பரணில் கிடக்கும் பழைய லேப்டாப்பில் டெபியன் என்ற இயங்குதளத்தை ஏற்றி, குடும்பப் போட்டோக்களைப் போட்டுவைத்தால் வீட்டிலுள்ள எல்லாப் போனிலும் பார்க்கலாம். மாதச் சந்தா கிடையாது. தலைப்பில் ‘பத்தே நிமிடத்தில்’ என்று சேர்த்தது என் திமிர்.

சோதித்துப் பார்க்கச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எழுதியதை வரிக்கு வரி செய்வார். எழுதாததைச் செய்யவே மாட்டார்.

டெபியன் ஏறும்வரை தகராறு இல்லை. மறுநாள் காலை ஆறு மணிக்குப் போன்.

“டேய், நீ எழுதினதை அப்படியே அடிச்சேன். டாலர்னு ஒரு கட்டளையே இல்லைங்குது.”

கட்டளை வரிக்கு முன்னால் ஒரு டாலர் குறி இருக்கும். ‘சொல்லுங்க, காத்திருக்கேன்’ என்று கம்ப்யூட்டர் தானே போட்டுக்கொள்வது அது. வழிகாட்டி எழுதுகிறவர்கள் அதையும் சேர்த்து எழுதிவிடுவோம். பல வருடமாகப் பார்த்துப் பார்த்து, அது அங்கே இருப்பதே என் கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தது.

“அடிக்காதீங்க சித்தப்பா.”

“அப்ப ஏன்டா எழுதினே?”

பதில் இல்லை.

அடுத்தது பாஸ்வேர்டு. நேரில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒற்றை விரலால் ஓர் எழுத்தை அழுத்துவார், கண்ணாடியைத் தூக்கித் திரையைப் பார்ப்பார், ஒன்றும் இருக்காது. அதே எழுத்தை இன்னும் அழுத்தி அடிப்பார். மூன்றாவது தடவை மேஜையே ஆடியது. பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் புள்ளிகூட வராது. எத்தனை எழுத்து என்று அடுத்தவர் எண்ணிவிடக் கூடாதாம். அதை நான் எழுதவில்லை. கீபோர்டு செத்துவிட்டது என்று முந்தின நாளே கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். கடைப்பையன் தூசி தட்டி நூறு ரூபாய் வாங்கிக்கொண்டான்.

பிறகு முகவரி. என் வீட்டு சர்வரின் எண்ணை, 192.168.1.10 என்று, உதாரணத்துக்குக் கொடுத்திருந்தேன். “உன் வீட்டு அட்ரஸ்ல என் போட்டோ எப்படிடா வரும்?” நியாயமான கேள்வி. 192.168 என்று தொடங்கும் எண்களை வீடு, ஆபீஸ்களின் உள்பயன்பாட்டுக்கு என்று 1994-இலேயே ஒதுக்கிவிட்டார்கள். எந்த ஊருக்குப் போனாலும் ஒரு காந்தி ரோடு இருக்கிற மாதிரி, எல்லார் வீட்டிலும் அதே எண் இருக்கலாம். அவர் வீட்டு ரௌட்டரோ கடைசி எண்ணை 25 என்று கொடுத்திருந்தது. ரௌட்டரை அணைத்துப் போட்டால் வேறு எண்ணும் தரலாம். எண்ணைப் பூட்டிவைப்பது எப்படி என்று எழுதியதில் வழிகாட்டி ஒன்பது பக்கமானது.

சர்வர் ஓடியது. சித்தப்பா, வேலை முடிந்தது என்று லேப்டாப்பை மூடிவைத்தார். மூடினால் அது தூங்கிவிடும். ‘மூடினாலும் தூங்காதே’ என்று அமைப்புக் கோப்பில் ஒரு வரி மாற்ற வேண்டும். அந்தக் கோப்பைத் திறந்தவர் வெளியே வரத் தெரியாமல் மத்தியானம் வரை உள்ளேயே இருந்தது தனிக்கதை.

வழிகாட்டி பதினேழு பக்கமானதும் சித்தப்பாவிடமே திருத்தக் கொடுத்தேன். முழுக்கச் சிவப்பு மை. ‘எளிதாக’ என்று நான் எழுதிய ஏழு இடத்திலும் ‘யாருக்கு?’ என்று கேட்டிருந்தார். ஒரே ஒரு பத்திக்கு மட்டும் ‘நன்று’. 1993-இல் டெபியனைத் தொடங்கிய இயன் மர்டாக், காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து அதற்குப் பெயர் வைத்தார் என்று பக்கம் நிரப்ப எழுதிய பத்தி அது.

எல்லாம் முடிந்தும் தினம் காலை எட்டு மணிக்கு சர்வர் செத்தது. லாக் முழுக்கத் துழாவினேன், தடயமே இல்லை. நாலாவது நாள் எட்டு மணிக்கு அங்கேயே நின்றேன். சித்தி வந்தார், பிளக்கைப் பிடுங்கினார், மிக்ஸியைச் சொருகிச் சட்னி அரைத்தார். பேட்டரி எப்போதோ போய்விட்ட லேப்டாப். இப்படித் தினம் மின்சாரத்தை வெட்டினால் டிஸ்க்கில் இருப்பது சிதைந்து போட்டோக்களே போய்விடும் என்றேன். “அப்ப சட்னி?” என்றார் சித்தி.

சர்வர் இப்போது பூஜை அறையில் இருக்கிறது. அங்கே இருக்கும் பிளக்கை மட்டும் அந்த வீட்டில் யாரும் பிடுங்குவதில்லை.