கைமாறும் காரைக்கால்

காரைக்காலின் கப்பல் வரலாறு ஒரு கணவன் ஓடிப்போனதில் தொடங்குகிறது. மனைவி புனிதவதியார் கேட்டதும் கையில் வந்து விழுந்த மாம்பழத்தைப் பார்த்து மிரண்டான் பரமதத்தன். வியாபாரம் என்று கப்பலேறியவன், பாண்டிநாட்டில் வேறு கல்யாணம் செய்துகொண்டான் என்கிறது பெரியபுராணம். புனிதவதியார் பேயுருவம் கேட்டு வாங்கி, தலையால் நடந்து கயிலைக்கே போய்விட்டார். ஓடிப்போனவனுக்கு மாங்கனித் திருவிழாவில் இன்றும் மாப்பிள்ளை அழைப்பு நடக்கிறது. ஊருக்குப் பெரிய மனசு!

அடுத்து 1738. தஞ்சை மராட்டியர் சாகுஜிக்கு அரியணை வேண்டும்; பாண்டிச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்மாவுக்குக் காரைக்கால் வேண்டும். பேரம் படிந்தது. அரியணை கிடைத்ததும் ராஜாவுக்கு ஞாபகமறதி. பிரெஞ்சுக்காரர்களின் கூட்டாளி சந்தா சாகிப் படையோடு போய் நினைவூட்டினார். 1739 பிப்ரவரியில் பிரெஞ்சுக் கொடி ஏறியது. 1760இல் ஆங்கிலேயர் பிடுங்கினார்கள். ஐரோப்பாவில் சமாதானமானால் திருப்பிக் கொடுப்பதும், சண்டை மூண்டால் மறுபடி பிடுங்குவதுமாக 1817 வரை ஓட்டினார்கள். அரசலாற்றங்கரையில் ஓயாமல் வேலை பார்த்தது கொடிக்கம்பம்தான்.

1848இல் அடிமை முறையை ஒழித்த பிரெஞ்சுக் குடியரசுக்குக் கரும்பு வெட்ட ஆள் இல்லை. எனவே ‘ஒப்பந்தம்’ என்றொரு காகிதம் வந்தது. ரீயூனியன், மர்த்தினிக், குவாதலூப் என்று கப்பல்கள் கிளம்பின. ஏற்றுமதிச் சரக்கு, தஞ்சைச் சீமையின் பஞ்சப்பட்ட ஜனங்கள். சமத்துவம், சகோதரத்துவம் எல்லாம் கரையோடு நின்றுவிட்டன.

1954இல் பிரான்ஸா இந்தியாவா என்று முடிவுசெய்யக் கீழூரில் பிரெஞ்சிந்தியாவின் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியா என்றார்கள். நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி கைமாற 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாரிஸில் அவசரப்படுவது நாகரிகமில்லை. நாலு பக்கமும் தமிழ்நாடும் கடலும் இருக்க, தலைநகர் மட்டும் புதுச்சேரி.

2009இல் கீழவாஞ்சூரில் மார்க் நிறுவனத்தின் துறைமுகம் வந்தது. இம்முறை போக்குவரத்து எதிர்த்திசையில்: அனல்மின் நிலையங்களுக்கும் சிமெண்ட் ஆலைகளுக்கும் வெளிநாட்டு நிலக்கரி வந்திறங்கியது. பக்கத்துத் திருநள்ளாற்றில் கறுப்பு உடுத்தும் சனீஸ்வரன்கூட இவ்வளவு கறுப்பைக் கேட்டதில்லை. தூசிக்கு மாநில எல்லை ஏது? நாகூர்வாசிகளும் போராட்டத்தில் இறங்கினார்கள். துறைமுகம் கடனில் மூழ்கியது; 2023இல் 1,485 கோடி ரூபாய்க்கு அதானி கைக்குப் போனது.

அன்று சக்கரம் என்ற நாணயத்தில் பேசிய விலை கோடி ரூபாயில் வந்து நிற்கிறது. பேரத்துக்கு ஊர்க்காரர்களையும் கூப்பிடும் வழக்கம்தான் இன்னும் கரையேறவில்லை.