மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல!

கேள்வி: வீட்டு நீச்சல்குளத்து மோட்டாரில் சத்தம் மட்டும்தான் வருகிறது, தண்ணீர் இழுக்கவில்லை. "மோட்டார் போச்சு, புதுசு வாங்குங்க" என்கிறார் மெக்கானிக். வாங்கிவிடட்டுமா? – வாசகி, மில்லர்புரம்

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் குளத்தைப் பாருங்கள். பக்கச்சுவரில் தண்ணீர் இழுக்கும் வாய் இருக்கிறதே, ஸ்கிம்மர், அதில் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் மோட்டார் காற்றையும் சேர்த்துக் குடிக்கும். நம் தூத்துக்குடி உப்பு விளைகிற ஊர். சித்திரை வெயிலும் கடற்காற்றும் உங்கள் குளத்தை மட்டும் விட்டுவைக்காது.

மட்டம் சரியென்றால் மெயின் சுவிட்சை அணையுங்கள். மோட்டார் குளத்து மட்டத்துக்குக் கீழே இருந்தால் வால்வுகளையும் மூடுங்கள். பிறகு மோட்டாருக்கு முன்னால் இருக்கும் கூடையைத் திறந்து, அடைந்து கிடக்கும் இலையையும் முடியையும் அள்ளிப் போடுங்கள். அப்படியே மூடியின் ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். காய்ந்து வெடித்திருக்கும், அல்லது ஒரு மணல் துகள் ஒட்டியிருக்கும். அந்த ஒரு துகள் போதும், காற்று உள்ளே நுழைய. வளையத்தைத் துடைத்து சிலிகான் கிரீஸ் தடவுங்கள், வெடித்திருந்தால் மாற்றுங்கள். கூடை நிறையத் தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி, வால்வைத் திறந்து ஓட்டுங்கள். சில நிமிஷத்தில் பிடிக்கவில்லையா, நிறுத்திவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் மெக்கானிக்கல் சீல் கருகும். மெக்கானிக் சொன்னது அப்புறம் உண்மையாகிவிடும்.

கேள்வி: எல்லாம் செய்தாயிற்று. குளத்துக்குத் திரும்பி வரும் தண்ணீரில் குமிழ் குமிழாகக் காற்று வருகிறது. ஆனால் குழாயில் எங்கேயும் ஒரு சொட்டுகூடக் கசியவில்லையே? – வாசகர், பிரையண்ட் நகர்

பதில்: கசியாது! மோட்டாருக்கு முன்பக்கத்துக் குழாயில் ஓட்டை இருந்தால், ஓடும்போது தண்ணீர் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். இளநீர் ஸ்ட்ராவில் கீறல் விழுந்தால் எப்படியோ அப்படி. மோட்டாரை ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வாருங்கள். மின்சாரப் பக்கம் மட்டும் ஒரு துளி படக்கூடாது. எந்த இடத்தில் ஊற்றும்போது சத்தம் மாறிக் குமிழ் குறைகிறதோ, அதுதான் இடம். மோட்டாருக்குள் நுழையும் மரை இணைப்பை முதலில் சந்தேகப்படுங்கள். ஒருமுறை தண்ணீரில்லாமல் ஓடிச் சூடேறியிருந்தால் அந்த பிவிசி மரை சுருங்கிப்போயிருக்கும். டெஃப்லான் டேப் சுற்றினாலும் நிற்காது, மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: ஃபில்டர் மேலே இருக்கும் மீட்டர் முள் எதற்கு? – வாசகர், ஸ்பிக் நகர்

பதில்: வழக்கத்தைவிட முள் இறங்கினால் கோளாறு மோட்டாருக்கு முன்னால். ஏறினால் மணல் ஃபில்டர் அடைத்திருக்கிறது, பேக்வாஷ் செய்யுங்கள்.

கேள்வி: முத்துக்குளித்தவர்கள் பத்துப் பாகம் ஆழம் போய் வந்தார்களாம். என் கிணற்று மேட்டில் இருக்கும் மோட்டாரால் முப்பது அடி இழுக்க முடியவில்லையே? – மாணவர், திரேஸ்புரம்

பதில்: அருமையான கேள்வி, தம்பி. மோட்டார் தண்ணீரை இழுப்பதே இல்லை. குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். வெளியே இருக்கும் காற்றுதான் தண்ணீரை அமுக்கி மேலே தள்ளுகிறது. கடல்மட்டத்தில் அந்தக் காற்றால் 10.3 மீட்டர் உயரத் தண்ணீரைத்தான் தாங்க முடியும். காற்றின் அழுத்தத்தை 1640-களில் இத்தாலியில் டோரிசெல்லி பாதரசக் குழாயை வைத்துக் காட்டினார். குழாய் உராய்வெல்லாம் போக, நடைமுறையில் ஏழு மீட்டர் கிடைத்தால் பெரிது. அதற்கு மேல் ஆழம் என்றால் மோட்டாரையே தண்ணீருக்குள் இறக்கி, அடியிலிருந்து தள்ளவைக்க வேண்டும். சப்மெர்சிபிள் அதற்குத்தான்.

நம் முத்துக்குளிப்பாளர்கள் கயிற்றில் கட்டிய கல்லோடு இறங்கினார்கள். பத்துப் பாகம், அதாவது சுமார் 18 மீட்டர் ஆழத்தில், மேலே இருப்பதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு அழுத்தம். அதை மூச்சடக்கியே தாங்கினார்கள். இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அந்த நுரையீரலுக்கு எந்த மோட்டாரும் ஈடில்லை.

கேள்வி: கரண்ட் லைனில் வேலை நடந்த மறுநாளிலிருந்து உப்பளத்து த்ரீ ஃபேஸ் மோட்டார் பாதித் தண்ணீர்தான் தருகிறது. ஏன்? – வாசகர், தருவைகுளம்

பதில்: தலைகீழாகச் சுற்றுகிறது. மோட்டார் மேலிருக்கும் அம்புக்குறியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எலக்ட்ரீஷியன் ஏதாவது இரண்டு ஃபேஸ் வயரை மாற்றிப் போட்டால் தீர்ந்தது.

கேள்வி: குளத்தின் அடியில் உள்ள ஓட்டையின் மூடி உடைந்துவிட்டது. இழுப்பு இன்னும் நன்றாக இருக்கிறது. அப்படியே விடலாமா? – வாசகி, முத்தையாபுரம்

பதில்: விடவே கூடாது! இழுப்பு குறைந்தால் தண்ணீர்தான் அழுக்காகும். மூடியில்லாத ஓட்டையில் இழுப்பு இருந்தால் உயிர் போகும். குழந்தையின் முடியோ உடம்போ அதில் சிக்கினால் பெரியவர்கள் சேர்ந்து இழுத்தாலும் விடுவிப்பது கடினம். அமெரிக்க முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி 2002-ல் இப்படித்தான் இறந்தாள். அவள் பெயராலேயே 2007-ல் அங்கே சட்டம் வந்தது. குவிந்த வடிவப் பாதுகாப்பு மூடி கிடைக்கிறது, அதை வாங்குங்கள். ஒரே மோட்டாருக்கு, தள்ளித்தள்ளி இரண்டு ஓட்டைகள் இருப்பது இன்னும் நல்லது. ஒன்று அடைபட்டாலும் மற்றது இழுக்கும். மோட்டார் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். புது மூடி மாட்டும்வரை, அம்மா, மோட்டாரைப் போடாதீர்கள். பிள்ளைகளையும் தண்ணீரில் இறக்காதீர்கள்.