துண்டு கிடைத்தவன் பாஸ்

பிள்ளைகளின் அறிவை அளக்க 1905இல் பாரிசில் அல்பிரட் பினே ஒரு சோதனை தயாரித்தார். யாருக்கு எந்த வேலை பொருந்தும் என்று ஆலோசனை சொல்ல 1908இல் பொஸ்டனில் பிராங்க் பார்சன்ஸ் ஒரு நிலையம் திறந்தார். பாவம், இரண்டு பேரும் ஹட்டன் தேயிலைத் தோட்டங்கள் பக்கம் வரவில்லை. வந்திருந்தால், காலையில் ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் ஐந்தே நிமிஷத்தில் இந்த வேலை முடிவதைப் பார்த்துவிட்டுக் கடையைச் சாத்தியிருப்பார்கள்.

விடியக்காலம் தப்புச் சத்தம் கேட்டதும் லயமே வந்து நிற்கும். உளச்சார்புச் சோதனை அங்கேதான். பொம்பளையா? கொழுந்து. ஆம்பிளையா? கவ்வாத்து. ஆலோசகர், கங்காணி. மேல்முறையீடு, துரையிடம். துரைக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும், ஏசுகிற அளவுக்கு.

அடைவுச் சோதனை நிறுவையில். கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கணக்கப்பிள்ளை கழித்துவிட்டு மிச்சம் வைத்த றாத்தல்தான் புள்ளி. குறைந்தால் அரைப்பேர். காலையில் முழு ஆளாக மலையேறியவள் அந்திக்கு அரை ஆளாக இறங்கி வருவாள்.

சான்றிதழும் இருந்தது. பெயர் துண்டு. துரை எழுதிக் கொடுப்பார். திறமையைப் பற்றி அதில் மூச்சு இருக்காது. இத்தனை ஆள், இவ்வளவு கடன், கடனைக் கட்டுகிற தோட்டம் ஆளைக் கூட்டிப் போகலாம். அவ்வளவுதான். கடன் ஏற ஏறக் கனம் கூடுகிற பட்டம் உலகத்தில் வேறு எங்கே உண்டு? 1921இல்தான் சட்டம் அதைக் கிழித்தது.

இதற்கு நடுவில் 1907இலும் 1920இலும் சட்டம் வந்து, தோட்டத்துப் பிள்ளைக்கும் படிப்பு வேண்டும் என்றது. துரைமாருக்குத் தலையிடி. எழுத்து ஏறிவிட்டால் கொழுந்து எடுப்பது யார்? ஆகவே ஓர் அறை, ஒரு வாத்தியார், நாலைந்து வகுப்பு. படிப்பு முடிகிற வயதும் தோட்ட வேலைக்குப் பேர் பதிகிற வயதும் கச்சிதமாகச் சந்தித்துக்கொண்டன. 1945இல் இலவசக் கல்வி நாட்டுக்கே வந்தது. தோட்டப் பள்ளியை மட்டும் வழி தெரியாமல் தாண்டிப் போய்விட்டது. அரசாங்கம் அந்தப் பள்ளிகளைக் கையேற்க மலையேறி வந்து சேர்ந்தபோது 1970கள் ஆகிவிட்டன.

இப்போது ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை. ஒரு வினாத்தாள் உளச்சார்புக்கு, இன்னொன்று படித்த பாடத்துக்கு. பினேயும் பார்சன்ஸும் ஒருவழியாக லயத்துக்கு வந்துவிட்டார்கள், கையில் வெட்டுப்புள்ளியோடு. தேயிலைச் செடியைக்கூடச் சில வருஷத்துக்கு ஒருமுறைதான் கவ்வாத்து வெட்டுவோம், அதுவும் மறுபடி துளிர்க்கட்டும் என்றுதான். பத்து வயதுப் பிள்ளையை வெட்டுகிற புள்ளிக்கு அந்த எண்ணம் உண்டா?

சோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கங்காணியின் கண்ணைவிட வினாத்தாள் எவ்வளவோ நியாயமானது. ஆனால், வழிகாட்டல் ஆசிரியர்களே, புள்ளிச் சீட்டைப் பிள்ளையின் கையில் கொடுக்கும் முன் "உனக்கு என்ன விருப்பம்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்காமல் கொடுத்தால் அதுவும் துண்டுதான்.